நிலாவரையில் பூதமும் அளவுகயிறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கமுள்ள நிலாவரைக் கிணற்றுக்கு உல்லாசப் பயணிகளை இழுக்க வாசலில் சீமெந்துப் பூதமொன்றை நிறுத்தினால் போதாதா என்று எவருக்கும் தோன்றலாம். நீர்ப்பூதத்தால் பிழைக்கும் ஊர்கள் உலகில் உண்டுதான். ஆனால் அங்கே இருப்பது வெறும் சிலை மட்டுமல்ல.

ஸ்கொட்லாந்தின் நெஸ் ஏரிப் பூதம் 1933 இல் உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தியால் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த பிரபல புகைப்படம், விளையாட்டு நீர்மூழ்கியில் பொருத்திய பொம்மைத் தலை என்று 1994 இல் அம்பலமானது. 2018 இல் ஏரிநீரை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். ஊர்வனவின் தடயம் இல்லை, விலாங்கு மீன் தாராளம். ஆட்கள் இன்னும் போகிறார்கள். சுவீடனின் ஸ்டூர்ஷோன் ஏரிப் பூதத்தைப் பிடிக்க 1894 இல் ஒரு கம்பனியே தொடங்கினார்கள். அகப்பட்டது எதுவுமில்லை, ஆனால் அந்தப் பொறிகள் இன்று அருங்காட்சியகத்தில். 1986 இல் பூதத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்து, 2005 இல் அதை நீக்கினார்கள்.

நிலாவரையில் காட்டுவதற்குப் பொருள் ஏற்கெனவே உண்டு. இராமர் அம்பெய்து உண்டாக்கிய கிணறு என்ற கதை ஒருபுறம் இருக்க, சுண்ணாம்புக் கல்லில் ஏறத்தாழ 50 மீற்றர் இறங்கும் இக்கிணற்றில் மேலே நன்னீர், கீழே உவர்நீர். உவர்நீர் கனமானது, கலக்காவிட்டால் கீழேயே கிடக்கும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் அதன் கீழ் சுமார் 40 அடிக்கு நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து அந்த ஓரடியை இழந்தால் உவர் மேலே ஏறும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, எங்கள் பகுதியான வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் புறப்படுவது இதுதான்.

இதைப் பயணிகளின் கண்முன்னே அளந்து காட்டலாம். நீரில் உப்புக் கூடக்கூட எண் கூடிக் காட்டும் மின்கடத்துதிறன் மானி ஒன்று, 50 மீற்றர் வயருடன் போதும். வயரில் 5 மீற்றருக்கு ஓர் அடையாளம் இட்டு, மேலிருந்து கீழாக மட்டும் இறக்க வேண்டும். கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு அளந்தால் உவர்நீர் கூடவே வந்து வாசிப்பைக் கெடுக்கும். ஒவ்வோர் அடையாளத்திலும் எண் அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கடல்நீருக்குச் சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்ரோசீமென்ஸ் அளவில் வரும் என்பதைப் பக்கத்தில் எழுதிவைத்தால் ஒப்பிட இலகு. ஆழத்து நீரை எடுக்க, தக்கை போட்ட போத்தலை இறக்கித் தக்கையை நூலால் இழுத்துத் திறக்கும் பழைய முறை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஆழத்தில் நீரழுத்தம் தக்கையை இறுக்கிவிடும், நூல்தான் அறும். இரு முனையும் மூடும், நீர்மாதிரி எடுக்கும் குழாயே நல்லது.

இங்கே போட்ட தேசிக்காய் கடலோரக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற கதையைச் சொல்லலாம், சோதிக்க விடக்கூடாது. பழம் கிணற்றிலேயே கிடந்து அழுகுவதுதான் மிச்சம். நிலத்தடித் தொடர்பைச் சாயம் கரைத்துப் பார்க்கலாம், ஆனால் ஊர் குடிக்கும் நீர் என்பதால் அது நிலத்தடி நீர் வல்லுநர்களும் அனுமதியும் இல்லாமல் தொடும் வேலையல்ல.

வாசிப்புகளை எழுதும் பலகைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். மாதாமாதம் புதுப்பிக்க ஆளில்லையென்றால் பலகை வைக்காமலே விடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புத்தூர்