பூசணிக்காய் உடைத்த பிறகு

அன்புள்ள கயல்,

வேலையை விட்டுவிட்டுப் படம் தயாரிக்கப் போவதாகப் போனில் நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாயாம். அம்மா சொன்னாள். கோபமெல்லாம் இல்லை. வடபழனியில் இருபத்தாறு வருஷம் புரொடக்‌ஷன் மேனேஜராகக் குப்பை கொட்டியவனுக்குச் சட்டென்று வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கதை, டைரக்டர் எல்லாம் உன் ரசனை. நான் சொல்ல வந்தது பூசணிக்காய் உடைத்த பிறகு நடப்பதை.

கடைசி நாள் ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வட்டி மட்டும் கிளம்பாது. எங்கள் காலத்தில் ஃபைனான்சியர் பணம் கொடுக்கும்போதே, பிரிண்ட் போடும் லேபுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்வார். அவர் பாக்கி தீராமல் பிரிண்ட் வெளியே போகாது. ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி முழுக்க லேப் வாசலில் நின்றேன். செங்கல்பட்டு, மதுரை ஏரியா விநியோகஸ்தர்களின் ஆட்கள் படப் பெட்டிக்காகக் காத்திருக்கிறார்கள். முதலாளி போனையே எடுக்கவில்லை. காலையில் தியேட்டரில் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றியாகிவிட்டது, பெட்டி மதியக் காட்சிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இப்போது பெட்டி இல்லை, கேடிஎம் என்று ஒரு டிஜிட்டல் சாவி. பாக்கி இருந்தால் அதுவும் வராது. பூட்டுதான் மாறியிருக்கிறது.

டிவி பக்கம் போனால் பாதுகாப்பு என்றாய். 1999இல் ‘சித்தி’ சீரியல் தொடங்கிய காலத்தில், தயாரிப்பாளர் சேனலிடம் நேரத்தை வாங்கி, விளம்பர விநாடிகளைத் தானே விற்க வேண்டும். ராதிகா அதில் ஒரு கம்பெனியையே வளர்த்தார். எனக்குத் தெரிந்த இன்னொருவர், விளம்பரம் விற்காத வாரங்களிலும் ஸ்லாட்டுக்குப் பணம் கட்டிக் கட்டி வீட்டை விற்றார்.

ஏவிஎம் ஸ்டூடியோவை உருவாக்கிய ஏவி. மெய்யப்பச் செட்டியாரும் 1935இல் ‘அல்லி அர்ஜுனா’ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்தான் என்று உன் சிநேகிதர்கள் உற்சாகம் கொடுப்பார்கள். அவருக்கு கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் இருந்ததைச் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். நீ உன் வேலையை இப்போதே விடவேண்டுமா?

இன்னொன்று, இதுவரை உன்னிடம் சொல்லாதது. உனக்கு ஏழு வயதில் அம்மா கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு இருந்ததே, ஏன் என்று கேட்டாய். வேண்டுதல் என்றாள். வேண்டுதல் இல்லையம்மா. லைட்மேன்களுக்கு மூன்று நாள் பேட்டா, அதாவது தினப்படி, பாக்கி. ரிலீஸானதும் தருகிறேன் என்று முதலாளி சொன்னதை நம்பிச் சங்கிலியை அடகு வைத்தேன். படம் ரிலீஸே ஆகவில்லை, சங்கிலி மூழ்கிவிட்டது. அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சரி, உன் பட்ஜெட்டை அனுப்பு. ஹீரோ சம்பளத்தை நான் பார்க்கப் போவதில்லை. பேட்டாவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய், வட்டியை எத்தனை மாதத்துக்குப் போட்டிருக்கிறாய், இந்த இரண்டும்தான் வேண்டும். ஆறு மாதம் என்று போட்டிருந்தால் அதைப் பன்னிரண்டாக்கிவிட்டு அனுப்பு.

ஷெட்யூல் ஆரம்பித்தால் நானும் வருகிறேன். சம்பளம் வேண்டாம். பேட்டா மட்டும் அன்றன்றைக்குக் கொடுத்துவிடு.

அப்பா