'மீறி' என்ற சொல்லைப் பற்றி

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டம் தூத்தூர்க் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த புயலுக்கு உங்கள் வண்டிகள் இங்கே வந்து நிற்கும் முன்பே, எங்கள் மீனவர்கள் எச்சரிக்கையை 'மீறி'க் கடலுக்குப் போனார்கள் என்று நீங்கள் எழுதுவதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு முதலில் வெளியூர்க் கதை ஒன்று.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா சூறாவளி அடித்ததில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. மறுநாள் இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் மார்பளவு வெள்ளம்; மளிகைப் பொருளோடு நடக்கும் மனிதர்கள். படக்குறிப்புகளில்தான் வித்தியாசம்: கறுப்பின இளைஞர் கடையைக் 'கொள்ளையடித்துவிட்டு' வந்தாராம். வெள்ளையர் இருவரோ ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வந்தார்களாம். படங்கள் வெவ்வேறு செய்தி நிறுவனத்தவை, கண்ணால் கண்டதைத்தான் எழுதினோம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் மக்கள் அடைந்து கிடந்த சூப்பர்டோம் அரங்கில் பிணங்கள் குவிந்து கிடப்பதாகக் கிளம்பிய வதந்தியை யார் கண்டது? 200 உடல்களை ஏற்றக் குளிரூட்டிய லாரியே வந்தது. இருந்தவை ஆறு. ஒன்றுகூடக் கொலை இல்லை. அந்தப் பீதிக்கு நடுவே, செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாத கறுப்பினத்தவர் ஆறு பேரைப் போலீசார் சுட்டனர், இருவர் இறந்தனர்.

இங்கே நிறம் வேறில்லை. ஆனால் "கடற்கரைக்காரர்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்ற பேச்சு, கரையைவிட்டு இரண்டு கிலோமீட்டர் போனாலே காதில் விழும். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது அது உங்கள் திரையிலும் ஓடியது: "எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்ற மீனவர்கள்." எங்கள் ஊர் விசைப்படகுகள் கிளம்பினால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவை. நவம்பர் இறுதியில் எச்சரிக்கை வந்தபோது அவற்றில் பல, கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன. காதில் விழாத எச்சரிக்கையை எப்படி ஐயா மீறுவது?

பக்கத்து வீட்டு அக்கா, மின்சாரமில்லாமல் அணைந்துபோன செல்போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மைக்கை நீட்டிய தம்பி கேட்டார்: "எச்சரிக்கை இருந்தும் ஏன் அனுப்பினீர்கள்?" அக்கா பதில் சொல்லாமல் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். கணவர் கிளம்பிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஒளிபரப்பில் அந்த விரல்கள் வரவில்லை. அதற்குப் பின் வந்த அழுகை மட்டும் வந்தது, இசையோடு.

இனி 'மீறி' என்று எழுதும் முன், படகு எந்தத் தேதியில் கிளம்பியது என்று தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒருவரிடம் கேளுங்கள். எந்த நேரமும் அங்கே ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
தூத்தூர்க் கடற்கரைவாசி ஒருவர்