திருக்கடையூர் வரை வருபவர்கள் தரங்கம்பாடியில் தங்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாசியில் என் கணவருக்கு அறுபது வயது நிறைந்ததை ஒட்டிப் பிள்ளைகள் எங்களுக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி செய்து வைத்தார்கள். சடங்கு முடிந்து உறவினர்கள் வேனில் கும்பகோணம் திரும்ப, நாங்கள் இருவர் மட்டும் இரண்டு பைகளோடு காரைக்கால் பேருந்தில் ஏறி, சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடியில் இறங்கி ஏழு நாள் தங்கினோம். பிள்ளைகள் இல்லாமல், கல்யாணம் காரியம் என்று எந்தக் காரணமும் இல்லாமல் நாங்கள் வெளியூரில் தங்கியது இதுவே முதல் முறை. "அங்க ஒரு வாரம் என்ன இருக்கு? அரை மணி நேரத்துல பாத்துடலாமே" என்பதுதான் புறப்படும்போது எல்லோரும் சொன்னது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அரை மணி நேரத்தில் பார்க்கக்கூடியது டேன்ஸ்போர்க் கோட்டையின் வெளிச்சுவர் மட்டுமே. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1620இல் டேனிஷ்காரர்கள் அதைக் கட்டத் தொடங்குவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1306இல், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் அலை மோதும் ஓசை சன்னதி வரை கேட்கிறது. வேனில் வருபவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்பாமலே போவதை ஏழு நாளும் பார்த்தேன்.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அச்சுக்கூடத்தின் கதைதான். 1706 ஜூலை 9ஆம் நாள் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். 1712இல் அச்சு இயந்திரம் வந்தது. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாற்றிலேயே காகிதப் பட்டறை வைத்தார்கள். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்த மனிதர் மறு ஆண்டே, 36 வயதில், இறந்து அங்கேயே அடக்கமானார். முப்பது ஆண்டுகள் அச்சடித்த புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்திப் பிழைத்தவள் என்பதாலோ என்னவோ, அந்த ஆலயத்துக்கு நான் மூன்று முறை போய்விட்டு வந்தேன். ஒருநாள் தில்லையாடிக்குப் போய், தென்னாப்பிரிக்காவில் சிறை சென்று 16 வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் நினைவு மண்டபத்தையும் பார்த்தோம்.

மற்றபடி நாள்கள் தாமாகவே கழிந்தன. அதிகாலையில் மீன் ஏலம் பார்ப்பது என் கணவருக்கு வழக்கமாகிவிட்டது. கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதிய மனிதர் ஆயிற்றே, ஏலக்காரர் விரலைக் காட்டி விலை ஏற்றும் முறையை நான்காம் நாளில்தான் தம்மால் பிடிக்க முடிந்தது என்றார். இங்கே ஓசோன் மிகுந்த காற்று வீசுகிறது என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். வேதியியல் ஆசிரியையாக இருந்த எனக்கு, ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கேடு என்று அவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை. எதனாலோ, தூக்கம் மட்டும் மிக நன்றாக வந்தது.

மூன்றாம் நாள் மாலை நடந்ததைச் சொல்ல வேண்டும். திருக்கடையூரில் சதாபிஷேகம் முடித்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக ஒரு முதிய தம்பதி உறவினர்களோடு வேனில் வந்து இறங்கினார்கள். கோட்டை வாசலில் படம் எடுத்து முடித்ததும் அந்த அம்மாள் கழிப்பறை எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அருகிலிருந்த கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள். "காரைக்கால் போயி பாத்துக்கலாம் பாட்டி, நேரமாச்சு" என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். நான் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். முகம் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், பட்டுப்புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி, "செத்த நேரம் இப்படியே இருந்துட்டு வரேனே" என்றார். வேன் மூன்று முறை ஹாரன் அடித்தது. எழுந்து போய்விட்டார்.

அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் சாந்தி செய்துகொள்ள ஆண்டு முழுவதும் முதியவர்கள் வந்துகொண்டே இருக்கும் ஓர் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கடற்கரை இருந்தும், அவர்கள் தங்கிப் போக வழி இல்லை என்பதே என் குறை. நாங்கள் இடம் தேடியபோது ஓய்வூதியக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாத வாடகை ஒரு பக்கம், மாடிப்படி ஏற முடியாத, ஜன்னல் இல்லாத அறை மறு பக்கம் என்றே அமைந்தது. முன்பணம் பெற்றுக்கொண்ட ஒரு விடுதி, போய் நின்றபோது அறை இல்லை என்று கைவிரித்தது. கடைசியில் தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டின் முன்கட்டு கிடைத்தது. 1792இல் கட்டிய நகர வாயிலுக்கு உள்ளேயே திண்ணையும் முற்றமுமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் ஓர் அறையையாவது செப்பனிட்டு நியாயமான வாடகைக்கு விட, அரசு கடனும் உரிமமும் எளிதாக்கித் தந்தால், வருமானம் ஊர்க்காரர்கள் கையிலேயே நிற்கும்.

மயிலாடுதுறையிலிருந்து 1926இல் தொடங்கிய ரயில் பாதை திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத்தான் தரங்கம்பாடிக்கு வந்தது. 1986இல் அது நிறுத்தப்பட்டது. அதை மீண்டும் அமைக்க வேண்டும் என்று இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருவதில் முழு நியாயம் உண்டு. ஆனால் ரயிலுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவே நிழலோடு, சாய்ந்துகொள்ள முதுகுள்ள நான்கு பெஞ்சுகள் போட அவ்வளவு காலம் தேவையில்லை. கழிப்பறையைப் புதிதாகக் கட்டவும் வேண்டாம். இருப்பதைக் காலை முதல் இரவு எட்டு மணி வரை திறந்து வைத்துச் சுத்தம் செய்ய ஊரிலேயே ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து, சாவியை அவரிடம் ஒப்படைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்