விளக்கு எரிவதும் பெட்ரோலில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் எரிபொருள் சிக்கனக் கட்டுரையில், வண்டியின் விளக்குகள் பேட்டரியில் எரிவதால் எஞ்சினுக்குச் சுமையில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. சத்தியமங்கலத்தில் 26 ஆண்டுகளாக வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் விளக்குக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பட்டறையில் டைனமோ என்போம். பெல்ட் போட்டு அதைச் சுற்றுவது எஞ்சின். எவ்வளவு மின்சாரம் கேட்கிறோமோ, அவ்வளவுக்கு அதன் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், சுற்றக் கடினமாகும். சிறிய காரை நிறுத்தி ஓடவிட்டு, முகப்பு விளக்கையும் ஃபேனையும் ஒருசேரப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து எழும்.

கணக்கும் எளிதுதான். கூடுதலாக மாட்டும் 100 வாட் விளக்குகள் நான்கு என்றால் 400 வாட். டைனமோ வாங்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகத் திரும்பும். மீதி சூடாகப் போய்விடும். ஆக, எஞ்சினிடமிருந்து ஏறத்தாழ 740 வாட், அதாவது ஒரு குதிரைத்திறன் போகிறது. சமதளமான கோபி சாலையில் இது தெரியாது. பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில், ஆள் நிறைந்த 800 சிசி வண்டி இரண்டாம் கியரில் திணறும்போது தெரியும். ஏ.சி. இதைவிடப் பல மடங்கு வாங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் அப்படியொரு வேன் வந்தது. மலையில் இழுவை இல்லையென்று பிளக், ஃபில்டர் எல்லாம் வேறோர் இடத்தில் மாற்றியிருந்தார்கள். டைனமோ மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. அரை மணி நேரம் ஓடிய பிறகும் பேட்டரிக்கு 35 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. நல்ல பேட்டரியென்றால் அதற்குள் சில ஆம்பியருக்கு இறங்கியிருக்கும். பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் என்னும் அறைகளில் ஒன்று பழுதாகியிருந்தது. எவ்வளவு கொடுத்தாலும் நிறையாத அந்தப் பேட்டரிக்காக எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மேல் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். இழுவை முழுவதும் திரும்பியது என்று சொல்லமாட்டேன், வண்டிக்கும் வயதாகிவிட்டது. ஆனால் மறுவாரம் மலையேறி வந்த ஓட்டுநர், வித்தியாசம் தெரிகிறது என்றார்.

கட்டுரையை நம்பி ஓட்டுநர்கள் தேவையில்லாத இடத்தில் பணம் செலவழிக்கக் கூடாது. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீஷியன் ஒருவர்,
சத்தியமங்கலம்