‘எலி புகாத’ கோழிக்கூண்டுக்குள் எலி: குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கோழிக்கூண்டு விற்பனைப் பிரிவு.

நாள்: செப்டம்பர் 5

பொருள்: ரூ. 17,800-க்கு வாங்கிய ‘எலி புகாத’ கூண்டில் எலி புகுந்து குஞ்சுகளைக் கொன்றது குறித்தும், புது வலை போட்ட செலவைத் திருப்பிக் கேட்டும்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, உங்கள் கிடங்கில் நிற்கும் கூண்டின் வலைக்கண் ஒன்றில் வைத்துப் பாருங்கள். அது நழுவி அந்தப் பக்கம் விழுந்துவிடும். நான் நான்கு இடத்தில் போட்டுப் பார்த்தேன், நான்கிலும் விழுந்தது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான். ஆனால் இதை உங்கள் வாடிக்கையாளர் சேவைக்காரர்களுக்குப் புரியவைக்க இரண்டு மாதமாக முடியவில்லை என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மே 20 அன்று உங்கள் இணையதளத்தில் பன்னிரண்டு கோழி அடையும் கூண்டுக்குப் பணம் கட்டினேன். ஜூன் 2-இல் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் தோட்டம். நான்கு தென்னை, ஒரு முருங்கை, கொஞ்சம் வாழை. அதற்குள் ஒன்பது சிறுவிடை நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும். மாமனார் காலத்து மண்கூடு போன மழையில் சரிந்துவிட்டது. அதற்கு முன் எங்களுக்கு எலித் தொல்லையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் காடு, காட்டோரம் சோளத்தட்டுப் போர். எலி இல்லாமல் எப்படி இருக்கும்? அதனால்தான், இதே அளவுள்ள மற்றக் கூண்டுகளைவிட நாலாயிரம் ரூபாய் கூடுதல் என்று தெரிந்தும் உங்களுடையதை எடுத்தேன். ‘எலி, பாம்பு, கீரி எதுவும் புகாது’ என்று படத்துக்கு மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

முதலில் முட்டை குறைந்தது. நாளுக்கு நான்கு கிடைத்த இடத்தில் இரண்டு, சில நாள் ஒன்று. காக்கை மேல் பழி போட்டோம். அப்புறம் கோழியே உடைத்துக் குடிக்கிறதோ என்று ஒரு கருங்கோழியைச் சந்தேகப்பட்டு, பாவம், அதை மூன்று நாள் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தோம். தீவனத் தட்டில் புழுக்கையைப் பார்த்த பிறகுதான் அந்தக் கோழிக்கு விடுதலை கிடைத்தது.

ஜூன் 19-இல் அடைக்கோழி பதினொரு குஞ்சு பொரித்தது. 27-ஆம் தேதி ராத்திரி நல்ல காற்று. கோழி கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. காலையில் எண்ணினால் எட்டு. மறுநாள் ஆறு. மூன்றாம் நாள் நான்கு. அன்றைக்கு ஒரு குஞ்சு வலைக்கண்ணில் பாதி உள்ளும் பாதி வெளியிலுமாகச் சிக்கிக் கிடந்தது. எலி வெளியிலிருந்து இழுத்திருக்கிறது, தாய்க்கோழி உள்ளிருந்து கொத்தியிருக்கிறது. வலையில் ஒட்டியிருந்த இறகை என் மாமியார்தான் பிய்த்தெடுத்தார். மிச்சமிருந்த நான்கையும் தாயோடு சேர்த்து அன்றே வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். உங்கள் வலையின் கண் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழி வலை. அது கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்யப்பட்டது. எலி உள்ளே வராமல் இருக்க அல்ல. சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் அளவு ஓட்டை போதும், 6 மில்லிமீட்டர். இளம் எலிக்கு 12 மில்லிமீட்டர் இருந்தால் தலையை நுழைத்துவிடும், தலை போனால் உடம்பு போய்விடும். பெரிய எலிக்கு அந்த வலையைக் கடித்து அகலப்படுத்தவும் தெரியும், அவ்வளவு மெல்லிய கம்பி. பெருச்சாளிக்கு வலையே ஒரு பொருட்டல்ல. கூண்டுக்கு அடித்தளம் இல்லை என்பதால் அது அடியில் வளை தோண்டிக்கொண்டு வந்தது.

ஜூலை 1-இல் உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “வலையெல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு. உங்க தோட்டத்துல எலி இருந்தா நாங்க என்ன பண்ண முடியும்?” என்றார். எலி இல்லாத தோட்டத்துக்கு எலி புகாத கூண்டு எதற்குத் தம்பி என்று கேட்டேன். லைனில் சற்று நேரம் பாட்டுப் போட்டார்கள். திரும்பி வந்தவர், நீங்களே விற்கும் ‘அல்ட்ராசோனிக் எலி விரட்டி’யை வாங்கச் சொன்னார். 1,499 ரூபாய். புகார் சொல்லப் போன இடத்தில் இன்னொரு பொருளை வாங்கிக்கொண்டு வந்த என் புத்தியை என்ன சொல்ல?

ஜூலை 6-இல் அதை மாட்டினோம். மனிதக் காதுக்கு எட்டாத, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியால் எலி ஓடிவிடும் என்று அட்டையில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் எலி வரவில்லை, உண்மை. புதிதாக எதை வைத்தாலும் எலி சில நாள் ஒதுங்கும், அது அதன் குணம். மூன்றாம் நாள் வந்தது. பத்தாம் நாள் அந்தக் கருவியின் தலையிலேயே புழுக்கை போட்டுவிட்டுப் போயிருந்தது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். அவ்வளவு உயர்ந்த ஒலி ஒரு தீவனச் சாக்கைக்கூடத் தாண்டாது, திறந்தவெளியில் சீக்கிரம் தேய்ந்துவிடும், எலியும் அதற்குப் பழகிவிடும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-லேயே, இப்படிப்பட்ட கருவி செய்து விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. நீங்களோ ‘5,000 சதுர அடி’ வரை வேலை செய்யும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள்.

மறுபடி கூப்பிட்டேன். “15 வேலை நாட்களுக்குள் தொடர்பு கொள்வோம்” என்றார்கள். 15 வேலை நாள் என்றால் மூன்று வாரம். எலி சினையாகிக் குட்டி போடவும் மூன்று வாரம்தான். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு குட்டி. உங்கள் அலுவலகமும் எலியும் ஒரே காலண்டரை வைத்திருக்கிறீர்கள் என்று என் கணவர் சொன்னார்.

ஜூலை 29-இல் பார்சல் வந்தது. பதில் வர வேண்டிய இடத்தில், பத்து எலி கேக். கட்டணம் இல்லையாம், நல்லெண்ண அன்பளிப்பாம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘கூண்டைச் சுற்றிலும் தூவி வைக்கவும்.’

இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்கியது. மற்றதைக்கூட அலட்சியம் என்று விட்டுவிடலாம். கோழி மேயும் இடத்தில் விஷத்தைத் தூவச் சொன்ன அந்த ஆளுக்குக் கோழி என்றால் என்னவென்று தெரியுமா? கண்ணில் படுவதையெல்லாம் கொத்திப் பார்க்கும் பிறவி அது. அந்த கேக்கில் இருப்பது புரோமடியோலோன், 0.005 சதவீதம், உறையிலேயே போட்டிருக்கிறது. இரத்தம் உறையவிடாமல் செய்து உள்ளுக்குள்ளேயே கசியவைக்கும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது, நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் சுண்டெலியைக் கோழி விடுமா? ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் கொத்தித் தூக்கும். பூனை பிடிக்கும். எங்கள் தென்னையில் ராத்திரி வந்து உட்காரும் கூகை பிடிக்கும். எலிக்கு வைத்த விஷம் எலி பிடிக்கிற எல்லாவற்றுக்குள்ளும் போகும். அரசுக் கால்நடை மருந்தக டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். தெரியாமல் கோழி தின்றுவிட்டால் வைட்டமின் கே1 கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் வைக்காமல் இருப்பதே நல்லது என்றார். வைத்தே ஆக வேண்டுமென்றால் எலி மட்டும் நுழையும் பூட்டிய பெட்டிக்குள், கோழிக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முட்டையை நாங்களும்தான் சாப்பிடுகிறோம்.

கடைசியில் எங்கள் வேலையை நாங்களே செய்துகொண்டோம். கால் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, ஒரு ரோல் 3,650 ரூபாய். கூண்டைச் சுற்றி உங்கள் வலைக்கு மேலேயே அதை இழுத்துக் கட்டி, அடியில் ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தோம். எலி சுவரோரமாகத்தான் தோண்டும், தோண்டினால் மடிப்பில் முட்டிக்கொள்ளும். கதவின் கீழ்விளிம்புக்குத் தகரம் அடித்தோம். ஆள் கூலி 1,200. அப்புறம் கூண்டுப்பொறி. முதல் நான்கு நாள் பொறியைக் கொக்கி மாட்டாமல் திறந்து வைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும் தின்னப் பழக்கினோம். ஐந்தாம் நாள் மாட்டினோம். மூன்று வாரத்தில் பதினான்கு எலி, இரண்டு பெருச்சாளி. பிடித்ததை என்ன செய்தோம் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. நடுவில் ஒரு மூஞ்சூறும் மாட்டியது, அதை விட்டுவிட்டோம். நாற்றம் அடித்தாலும் அது பூச்சி தின்னும் பிராணி, எலி இனமே இல்லை.

என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் சொல்வீர்கள். ராத்திரியில் தீவனத்தை அப்படியே விட்டுவைத்தேன். ஒரு கோழிக்கு நாளுக்கு நூறு கிராம் போதும், பத்துக்கு ஒரு கிலோ. நான் ஒன்றேகால் கிலோ கொட்டினேன். ஓர் எலி நாளுக்கு 25 கிராம் வரை தின்னும். ஆக, தெரியாமலேயே பத்து எலியை நான்தான் தீனி போட்டு வளர்த்திருக்கிறேன். இப்போது ஆறு மணிக்குத் தட்டை எடுத்து, மிச்சத்தை மூடி உள்ள தகர டிரம்மில் போட்டுவிடுகிறேன். விறகுக் குவியலையும் கூண்டை விட்டுத் தள்ளி வைத்தாயிற்று. முட்டை எடுக்கும் மாமியாரிடம் வெறுங்காலோடு ஈரத்தில் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். எலி மூத்திரம் பட்ட தண்ணீரிலிருந்து காலில் உள்ள சிறு புண் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். ஆனால் எலியை வரவழைத்தது என் தட்டு என்றால், உள்ளே விட்டது உங்கள் வலை. நான் தட்டுக்குப் பொறுப்பேற்கிறேன். நீங்கள் வலைக்கு ஏற்க வேண்டும்.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். வலை 3,650, கூலி 1,200, எலி விரட்டி 1,499, மொத்தம் 6,349 ரூபாய். கூண்டைத் திருப்பி அனுப்ப நான் கேட்கவில்லை, மரச்சட்டமும் கூரையும் நன்றாகவே இருக்கின்றன. செத்த ஏழு குஞ்சுக்கும் விலை கேட்கவில்லை. கேட்டால் குஞ்சுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவீர்கள், அந்தக் கணக்கைக் கேட்க எனக்கு மனமில்லை. ‘எலி புகாத’ என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது கால் அங்குல வலையைப் போட்டுவிட்டு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வலைக்கண்ணின் அளவைத் தெரியப்படுத்த வேண்டும். எலி கேக்கை அப்படி யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அத்தனை பேருக்கும் உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இது மற்ற எதையும்விட அவசரம்.

அதுவரை நடந்ததையெல்லாம் ஆகஸ்ட் 1-இல் சுருக்கமாக மின்னஞ்சலில் எழுதினேன். மின்வணிக விதிகள் 2020-இன்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்றாவது நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள், வேலை நாள் அல்ல, வெறும் நாள், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம், நாணயத்தை வைத்து எடுத்த வலையின் படம், உங்கள் துண்டுச் சீட்டின் நகல் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

அந்தப் பத்து கேக்கும் பரண் மேல் பூட்டிய டப்பாவில் இருக்கிறது. குப்பையில் போட எனக்குத் தைரியம் இல்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வருபவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதற்குள் கோழிகள் அடைந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்