முர்கியாவின் அந்தப் பத்தியைப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். கலீசிய வரலாற்றாசிரியர் மனுவேல் முர்கியாவைப் பற்றித் தமிழில் எழுத இடம் கொடுத்தீர்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் சென்ற இதழைப் பிரித்ததும் மனசு விட்டுப்போயிற்று. கட்டுரைக்கு மேலே லிவிவ் நகரத்து ஓபரா அரங்கின் படம்! அது உக்ரைன் பக்கத்துக் கலீசியா. முர்கியாவின் கலீசியா ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கரையில் இருக்கிறது.

படம் போகட்டும். துய் நகரில் அவர் ஆற்றிய உரையைப் பற்றிய பத்தியை ஏன் எடுத்துவிட்டீர்கள்? இடமில்லை என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதே பக்கத்தின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம் கிடக்கிறது.

முர்கியா 1833-இல் பிறந்தவர், மருந்துக்கடைக்காரர் மகன். அப்பாவின் தொழிலை விட்டுப் பத்திரிகைக்கு வந்தார். கலீசிய வரலாற்றின் முதல் தொகுதி 1865-இல் வந்தது. ஐந்தாம் தொகுதி முடிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதையெல்லாம் காஸ்திலிய மொழியில், அதாவது ஸ்பானியத்தில்தான் எழுதினார். படித்தவர்கள் மேடையில் பேசிய மொழியும் அதுவே. கலீசிய மொழி வீட்டோடும் வயலோடும் நின்றது. 1891-இல் துய் நகரில் நடந்த இலக்கியப் போட்டி விழாவில், 58 வயதில், அவர் எழுந்து கலீசிய மொழியிலேயே பேசினார். கட்டுரையின் உயிரே அதுதான். அதை எடுத்துவிட்டு, 'கவிஞர் ரொசாலியாவின் கணவர்' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். ரொசாலியாவின் கலீசியக் கவிதைகள் 1863-இல் விகோ நகரில் அச்சேறக் காரணமானவரும் இவர்தான். அந்த வரியும் போய்விட்டது.

அந்த உரையைப் படிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. இரவு வேலை முடிந்து வந்து, கலீசிய–ஸ்பானிய அகராதி ஒரு பக்கம், ஸ்பானிய–ஆங்கில அகராதி மறுபக்கம். சில இரவுகளில் இரண்டு வரிதான் நகரும். அந்த நான்கு மாதத்தின் பலன்தான் நீங்கள் எடுத்த பன்னிரண்டு வரி.

உங்கள் இதழில் கட்டலான் கவிஞரும் 'ஸ்பானியக் கவிஞர்', பாஸ்க் கதைக்காரரும் 'ஸ்பானிய எழுத்தாளர்'. கலீசிய அகாடமி 1906-இல் தொடங்கியதிலிருந்து 1923-இல் தான் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தவரையும் அதே பெயரால் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தன் மொழிக்காக உழைத்தவரை இன்னொரு மொழியின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பத்தியை மட்டும் அடுத்த இதழில் போடுங்கள். வாசகர் கடிதப் பகுதியில் போட்டாலும் போதும். கோப்பை நேற்றிரவு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்