சிற்பி அண்ணனுக்கு, டர்பன்ல இருந்து

அண்ணே,

வீட்ட காலி பண்றோம். மாசக் கடைசியில ஃப்ளைட். போதும் ஊருக்குப் போயிடலாம்னு வீட்ல சொல்ல ஆரம்பிச்சு மூணு வருஷமாச்சு, நான்தான் அடுத்த பொங்கல் அடுத்த தீபாவளின்னு இழுத்துக்கிட்டே இருந்தேன், இப்ப ஒருவழியா வேலைய ராஜினாமா பண்ணிட்டேன். பின்னாடி நீங்க தங்கியிருந்த ரூம ஒதுங்க வைக்கும்போது அலமாரிக்கு மேல உங்க சின்னக் கரணை கெடச்சுது, பிடியில சைக்கிள் ட்யூப் சுத்தி வச்சிருப்பீங்களே, அது. கைய வச்சா இன்னும் உங்க கட்டவிரல் பள்ளம் இருக்கு.

பழைய நம்பருக்கு அனுப்பினா ஒத்த டிக்கோட நிக்குது. பாப்பா இங்க நான் எழுதுறத படிக்குதுன்னு கேள்விப்பட்டேன், அதனாலதான் இங்கயே எழுதுறேன். பாப்பா, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டும்மா. நடுவுல போதும்னு கையக் காட்டுவாரு, நிறுத்திடாத.

மத்தவங்களும் படிப்பீங்க, தெரியும். எந்தக் கோயில், எந்தக் கமிட்டி, யாரு என்ன, எதுவும் இதுல வராது. டர்பனச் சுத்தி நம்ம கோயில் எத்தனையோ இருக்கு, கமெண்ட்ல உக்காந்து யாரும் ஊகிக்க வேணாம்.

போன ஞாயித்துக்கெழம நம்ம ரவுண்ட நான் தனியா போயிட்டு வந்தேண்ணே. முதல்ல கடற்கரை ரோட்டுல டிக் கிங்கோட குதிரை, 1842-ல டர்பன்ல மாட்டிக்கிட்ட இங்லீஷ் பட்டாளத்துக்கு ஒதவி கேட்டு நாள்கணக்கா குதிரையில போன ஆளு. 1915-ல வச்ச சிலை, எல்லாரும் மேல உக்காந்திருக்கிறவனத்தான் போட்டோ எடுப்பாங்க, நீங்க குதிரையோட கழுத்தையே கால் மணி நேரம் பாத்துட்டு "ஓடி ஓஞ்ச மாட்ட பாத்திருக்கான்யா இவன்"னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பக்கமா எத்தன நூறு தடவ கார்ல போயிருப்பேன்! ரோபோட்ல செவப்பு விழுந்தா போனத்தான் பாப்பேன். உங்களுக்குத்தான் சிக்னல ரோபோட்டுன்னு இங்க சொல்றது கடைசி வரைக்கும் சிரிப்பு.

மண்டேலாவ போலீஸ் பிடிச்ச ஹோவிக்குக்கும் போனேன். வழியில மாரிட்ஸ்பர்க்ல காந்திய பாக்க நிக்கல, பார்க்கிங் கெடைக்கல, அவ்ளோதான். 1893 ஜூன் 7 ராத்திரி ரயில்ல இருந்து அவர எறக்கிவிட்ட ஊருல 1993-ல டெஸ்மண்ட் டுட்டு வந்து தெறந்து வச்ச சிலைன்னு உங்களுக்கு நான் பெருமையா சொன்னப்போ நீங்க கொட்டாவி விட்டீங்க. ஆனா மண்டேலாவ பிடிச்ச எடத்துல நீங்க கொட்டாவி விடல. 1962 ஆகஸ்ட் 5-ல அந்த ரோட்டுலதான் பிடிச்சாங்க, அதுக்கு அம்பது வருஷம் ஆச்சுன்னு 2012-ல 50 இரும்புக் கம்பத்த நட்டு வச்சாரு மார்கோ சியான்ஃபனெல்லி. ஆறரை மீட்டர்ல இருந்து ஒம்பதரை மீட்டர் வரைக்கும் உசரம், 35 மீட்டர் தள்ளி நின்னு பாத்தாதான் மண்டேலா மொகம் கூடி வரும், ரெண்டு அடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனா வெறும் கம்பி. நீங்க போயி எண்ணிட்டு 49-தான் இருக்குன்னு சாதிச்சீங்க, திரும்ப ரெண்டு பேரும் சேந்து எண்ணி அம்பது வந்ததும் "எடுத்த எடுப்புலேயே ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கான் பாரு"ன்னு அவர்மேல பழிய போட்டீங்க.

இதெல்லாம் சுத்தி வளைக்கிறது. வார்விக்குக்கு வரேன், டர்பன் நடுவுல இருக்கிற அந்த மார்க்கெட் ஏரியாவுக்கு.

நாம ரெண்டு பேரும் அங்க போன அன்னிக்கு என் மூஞ்சியில ஒரே பதட்டம், பாக்கெட்ட பிடிச்சுக்கிட்டே நடந்தேன், ஆபீஸ்ல வார்விக் பக்கம் நடந்து போனேன்னு சொன்னா பைத்தியமான்னு பாப்பாங்க. ஏர்லி மார்னிங் மார்க்கெட்ல சேப்பங்கெழங்கு கெடைக்கும்னு வீட்ல சொல்லி அனுப்பிச்சாங்க, இங்க அதுக்குப் பேரு அமடும்பே. 1910-ல இருந்து இருக்கிற மார்க்கெட், 2009-ல இடிச்சுட்டு மால் கட்டப்போறேன்னு மாநகராட்சி கெளம்பி, யாவாரிங்க சண்ட போட்டு நிறுத்தினது. அங்க ஹைவே தூண்லதான் அந்தப் படங்க. 2014-ல ஃபெய்த்47ங்கிற ஓவியர் வரைஞ்சது. அந்தம்மா யாரையும் கற்பனையா போடல, அந்த எடத்துலயே நடமாடுற ஆளுங்கள தூண் உசரத்துக்குத் தூக்கி வரைஞ்சிருக்காங்க. ஒரு ஃப்ளைஓவரோட பாரத்த அவங்களே தாங்குற மாதிரி. நீங்க அண்ணாந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. அப்புறம் கீழ பாத்தீங்க. கீழ ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், ஒரு துணிய முறுக்கி வட்டமா சுத்தி உச்சந்தலையில வச்சு, அதுமேல கூடைய ஏத்திக்கிட்டிருந்தாங்க. ஏத்துறப்ப ஒரு கை பக்கத்துல நிக்கிறவங்க குடுக்கணும்ல, பக்கத்துல யாருமில்ல, நீங்க போயி கை குடுத்தீங்க. பாஷ கெடையாது ஒண்ணும் கெடையாது. அவங்க "பாபா"ன்னு ஏதோ சொல்லி சிரிச்சாங்க. நீங்க பென்சில நீட்டி ஒத்தக் கண்ண மூடி அவங்க மொகத்த அளந்தீங்க, கூடையோட அவங்க அப்படியே நின்னாங்க, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், பின்னாடி டாக்சிக்காரன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கான், கூடை ஆடல. கழுத்துல ரெண்டு நரம்பு மட்டும் எழும்பி நின்னுச்சு. "எங்க ஆத்தா கழுத்துய்யா"ன்னு சொன்னீங்க. உங்க கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு, நான் கெழங்கு வாங்கப் போறேன்னு நகந்துட்டேன். ஏன் நகந்தேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அதுக்கப்புறம்தான் யானைங்கள பாத்தோம். ஆண்ட்ரீஸ் போத்தா செஞ்சது, கம்பி வலைக்குள்ள கல்ல அடைச்சு. நீங்க அதுங்க காலத் தட்டிப் பாத்து "செதுக்காமயே கல்லுல யானை வந்துருச்சு"ன்னு ஆச்சரியப்பட்டீங்க. 2010-ல பாதி வேலையில நிறுத்தச் சொல்லி, இன்காத்தா கட்சி சின்னத்துல இருக்கிற யானை மாதிரி இருக்குன்னு ஒரு பேச்சு வந்து, கேஸு கோர்ட்டுன்னு வருஷக்கணக்கா கெடந்த கதைய சொன்னேன். கூடவே அதே வருஷம் ஏர்ப்போர்ட்ல அதே போத்தா செஞ்ச ஜூலு ராஜா ஷாகா சிலை கதையும். ஈட்டி இல்ல கேடயம் இல்ல, மாடுங்களோட நிக்கிற மாதிரி செஞ்சிருந்தாரு, மாடு மேய்க்கிற பையன் மாதிரி இருக்குன்னு அரச குடும்பத்துல வருத்தப்பட்டு, தெறந்து சில வாரத்துலேயே எடுத்துட்டாங்க. நான் சிற்பி பக்கம் பேசினேன். நீங்க? "சாமிக்கு ஆயுதம் இல்லாம செஞ்சா எங்கூர்லயும்தான் ஒத்துக்க மாட்டான். லட்சணம்னு ஒண்ணு இருக்குல்ல. காசு குடுக்கிறவனுக்கும் கும்பிடுறவனுக்கும் ஒப்பணும் தம்பி."

இத நீங்க சொன்னீங்கண்ணே. நான் மறக்கல. கமிட்டி ரூம்ல உக்காந்திருந்தப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு, அது சாக்கா நெசமான்னு கேட்டா ரெண்டும்தான்.

நீங்க நம்ம கோயில்ல செஞ்ச வேலை அது, கொடுங்கைக்கு, அதான் அந்தக் கூரை விளிம்பு வளைவுக்கு, கீழ வரிசையா பூதகணம், எல்லாம் கையாலயும் தோளாலயும் தாங்குறது, மூலையில மட்டும் ஒரு அம்மா, தலையில சும்மாடு, கழுத்துல ரெண்டு நரம்பு. சாரத்துல ஏறி வந்து பாருன்னு கூப்பிட்டீங்க. எனக்கு ஏணின்னாலே பயம், ஆனாலும் ஏறினேன். இன்னும் சுதை காயல, கண் தெறக்கல, வர்ணம் அடிக்கல, சிமெண்ட் கலர்லயே அவ்ளோ உயிர். சந்தோஷத்துல போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன். நம்ம அண்ணன் கைவண்ணம்னு. சத்தியமா பெருமையிலதான் போட்டேன். அது சாயங்காலத்துக்குள்ள எங்கெங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த ரூம்ல அவங்க சொன்ன சில வார்த்தைங்கள இங்க எழுத மாட்டேன், அன்னிக்கு உங்களுக்கும் நான் மொழிபெயர்க்கல. எல்லாரும் அப்படி இல்ல, அதையும் சொல்லிடணும், ரெண்டு பெரியவங்க தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் இருந்தாங்க. யாரு இந்தப் பொம்பள, நம்ம கோயில்ல இவளுக்கு என்ன வேலன்னு கேட்டாங்க. நான் உங்கள கேட்டேன். "எங்க ஆத்தான்னு சொல்லு"ன்னீங்க.

நான் அத சொல்லல.

மிஸ்டேக் ஆயிடுச்சு, சரி பண்ணிடுவாருன்னு சொன்னேன். இங்லீஷ்ல கடகடன்னு சொன்னதுல அந்த ஒரு வார்த்த உங்களுக்குப் புரியும்னு எனக்குத் தோணவே இல்லண்ணே. நீங்க என்னத் திரும்பிப் பாத்தீங்க. கோவமா கூட பாக்கல.

என்ன பண்ணச் சொல்றீங்க? என் வேல பெர்மிட் புதுப்பிக்கிற சமயம், அந்த ரூம்ல இருந்த ஒருத்தருக்குத் தெரிஞ்சவருதான் எங்க ஆபீஸ்ல மேல இருக்காரு, பையன் ஸ்கூல் அட்மிஷனுக்கும் அவங்ககிட்டதான் நின்னேன். உங்களுக்கென்ன, கும்பாபிஷேகம் முடிஞ்சா ப்ளைட் ஏறிடுவீங்க, நான் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அவங்க மூஞ்சியில முழிக்கணும். இன்னும் பிடிவாதம் பண்ணியிருந்தா கடைசி தவணைப் பணமும் வந்திருக்காது. சரி, அதுலயும் முழுசா வரல. அதுக்கு நான் கேட்டிருக்கணும், கேக்கல. ஆனா நீங்களும்தான் ஊருக்குப் போயி என்ன காட்டிக் குடுத்தவன்னு சொன்னீங்களாம். என் அம்மா காது வரைக்கும் வந்துச்சு. ஏழு மாசம் எங்க வீட்டுச் சோறு தின்னுட்டு, கெளம்புற அன்னிக்கு வீட்ல கட்டிக் குடுத்த புளிசோத்த மேஜையிலயே வச்சுட்டுப் போனீங்களே, அவ என்னண்ணே பாவம் பண்ணா? அன்னிக்கு ராத்திரி அத யாரும் தொடல.

கோவமா எழுதணும்னு உக்காரல.

நான் அன்னிக்கு என்னல்லாம் சொல்லியிருக்கலாம்னு இத்தன வருஷமா கார் ஓட்டிக்கிட்டே ஒத்திகை பாக்குறேன். 1860 நவம்பர் 16-ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்து டர்பன்ல எறங்குன 342 பேரு, உங்க தாத்தாவோட பாட்டியெல்லாம் தலையில மூட்ட இல்லாமயா எறங்குனாங்கன்னு கேட்டிருக்கலாம். கரும்புக் காட்டுல சும்மாடு கட்டாத பொம்பள உண்டான்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா அந்த ரெண்டு பெரியவங்களாவது நிமிந்திருப்பாங்க.

இன்னொண்ணு. இத உங்ககிட்ட சொல்லத்தான் முக்கியமா எழுதுறேன், நீங்க போயி ஒரு வருஷம் கழிச்சு ஆபீஸ்ல கூட வேல செய்யற ஜூலுக்கார அம்மா சொல்லித்தான் தெரியும். இன்காத்தான்னா என்ன அர்த்தம் தெரியுமாண்ணே? சுமை தூக்கத் தலையில வைக்கிற வட்டம். புல்லுலயோ துணியிலயோ முறுக்கி வைக்கிறது. சும்மாடு! கட்சிப் பேரே அதுதான். யானைங்கள நிறுத்தினதும் இன்காத்தான்னு, உங்க ஆத்தாவ எடுக்கச் சொன்னதும் தலையில அது இருந்ததால. அந்தம்மாகிட்ட எங்க ஊருல இதுக்கு சும்மாடுன்னு பேருன்னு சொன்னேன், ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்துட்டு சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரியே உங்களுக்கு போன் போட்டேன். ஒத்த டிக்.

கடைசியா கோயிலுக்கும் போனேன். நீங்க அன்னிக்கு ஒடைக்கல, கரணைய எடுத்து ஒரு மணி நேரத்துல கன்னத்த உப்ப வச்சு, முழிய பிதுக்கி, கோரப்பல்லு வச்சு, வயித்த தள்ளி, அவங்கள பூதமா ஆக்கிட்டு எறங்கி வந்தீங்க. கமிட்டியில வந்து பாத்துட்டு திருப்தின்னாங்க. இப்ப பச்சை வர்ணம், அதுவும் வெளுத்துப்போச்சு. போன்ல ஜூம் பண்ணிப் பாத்தேன். மத்ததெல்லாம் மொட்டத் தலை, கிரீடம். மூலையில இருக்கிறதுக்கு மட்டும் உச்சந்தலையில ஒரு வளையம், அதுக்கு மேலதான் கொடுங்கை உக்காந்திருக்கு. கழுத்து நரம்பும் அப்படியே.

நான் அன்னிக்கே பாத்துட்டேண்ணே. வர்ணக்காரர் கூட கேட்டாரு, இது என்ன சார் தலையிலன்னு. கிரீடம்தான், அடிங்கன்னு சொல்லிட்டேன். அது ஒண்ணுதான் உங்களுக்காக நான் சொன்ன பொய். போதாதுன்னு தெரியும்.

கரணைய லக்கேஜ்ல போட்டாச்சு, கேபின் பைல விட மாட்டாங்க. கூட அமடும்பே கொண்டாரணும்னு ஆசை, விட மாட்டாங்க அதையும். ஊருக்கு வந்ததும் வீட்டுக்கு வரேன். பேச வேணாம்னா பேச வேணாம், பாப்பாகிட்ட குடுத்துட்டு வாசலோட திரும்பிடுறேன். வீட்ல வருவாளான்னு தெரியல, அவளுக்கு இன்னும் அந்தப் புளிசோறு ஆறல.